வண்டு விழுந்த சாமை

சாமைக்கு வண்டு விழாது. ஜவ்வாது மலையில் இது பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். சோளத்துக்கு விழும், அவரைக்கு விழும், மொச்சைக்குக் கேட்கவே வேண்டாம். சாமையைத் தோலோடு தானியத் தொம்பையில் கொட்டி, வாயைச் சாணி போட்டு மெழுகி வைத்துவிட்டால் வருஷக் கணக்கில் போட்டது போட்டபடி கிடக்கும். இதெல்லாம் தெரிந்த ஒரு மனுஷன், நாற்பத்தாறு வயசு வரைக்கும் சாமை விதைத்துச் சாமை அறுத்துச் சாமையே தின்ற மனுஷன், "சாமைக்கு வண்டு விழுந்துடுச்சு" என்று வாய் கூசாமல் சொன்னான் என்றால் அவன் நாக்கில் அன்றைக்குச் சனிதான் வந்து குந்தியிருக்க வேண்டும்.

அந்த மனுஷன் காட்டாம்பாறைக் கண்ணாயிரம். காட்டாம்பாறை முப்பத்திரண்டு வீட்டு ஊர். ஜமுனாமரத்தூரில் பஸ் ஏறி, புளியமரத்து நிறுத்தத்தில் இறங்கி, மூன்று கிலோமீட்டர் மேட்டில் நடக்க வேண்டும். ஊரில் அவனைக் கெட்டவன் என்று ஒருத்தரும் சொன்னதில்லை. நல்லவன் என்றும் யாரும் தனியாக எடுத்துச் சொன்னதில்லை. இரண்டரை ஏக்கர் கொல்லை, ஒரு ஜோடி மாடு, பெண்டாட்டி சசிகலா, திருப்பத்தூரில் ஹாஸ்டலில் தங்கி நர்ஸ் படிக்கும் மகள் பூவிழி. இவ்வளவுதான் அவன்.

போன வருஷம் ஆனி மாசம் நடந்தது இது. விதைப்புக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்த ஒரு விடியற்காலையில் மங்கம்மாள் அவன் வாசலில் வந்து நின்றாள். கையில் வெறும் முறம்.

வெறும் முறத்தோடு ஒருத்தர் வாசலில் வந்து நின்றால் அந்த ஊரில் அதற்கு ஒரே அர்த்தம்தான். விதை இல்லை. வந்தவர் வாயைத் திறந்து கேட்க மாட்டார். கேட்க விடவும் மாட்டார்கள். வீட்டுக்காரர் முறத்தை வாங்கிக்கொண்டு போய், இருப்பதற்குத் தக்கபடி இரண்டு படியோ நாலு படியோ போட்டுக்கொண்டு வந்து தருவார். அறுப்பு முடிந்ததும் அது திரும்பி வரும், மேலே ஒரு கைப்பிடி கூடுதலாக. வெறும் முறத்தை வெறுமனே திருப்பி அனுப்பினார்கள் என்று அந்த ஊரில் யாரும் கேள்விப்பட்டதில்லை.

மங்கம்மாளுக்கு விதை இல்லாமல் போனது ஏன் என்று கண்ணாயிரத்துக்கு நன்றாகத் தெரியும். அவள் புருஷன் வேறு யாருமில்லை, இவனுடைய பெரியப்பா மகன்தான். மாசி மாசம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், ஜீப் வருவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். கருமாதிக்கு மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தெல்லாம் சனம் வந்தது. வடித்த சோறு பற்றாமல் போய், கடைசியில் விதைச் சாமையையும் குத்திப் போட்டார்கள். அந்தப் பந்தியில் கண்ணாயிரமும் உட்கார்ந்து, கொள்ளுக் குழம்பை ஊற்றிப் பிசைந்து, இரண்டாம் தரம் கேட்டு வாங்கித் தின்றான்.

அப்பேர்ப்பட்டவன் அன்றைக்கு ஏன் இல்லையென்று சொன்னான்? ஓடைக்கு மேலே கருங்கல் கிடந்த அரை ஏக்கரைப் புதிதாகத் திருத்தி வைத்திருந்தான். அதிலும் விதைத்துவிட வேண்டும் என்று ஒரு மாசமாக மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான். தொம்பையில் இருந்தது அதற்குச் சரியாக இருக்கும். முறத்தைப் பார்த்ததும் அந்த அரை ஏக்கர்தான் கண்ணில் வந்து நின்றது. கை முறத்தை வாங்க நீளவில்லை. வாய் முந்திக்கொண்டது.

"வண்டு விழுந்துடுச்சு அண்ணி. அத்தினி சாமையும் பாழு."

மங்கம்மாள் அவனைப் பார்த்தாள். தொம்பையைப் பார்த்தாள். மூங்கில் பின்னி மண் பூசிய அந்தத் தொம்பை, போட்ட மெழுகு வெடிக்காமல் கூரைக்கடியில் நிறைமாசக்காரி மாதிரி நின்றுகொண்டிருந்தது. அவள் "அப்டியா" என்றாள். முறத்தை முந்தானைக்குள் வைத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். அவள் தெருத் திரும்பிய பிறகுதான் கண்ணாயிரத்துக்குத் தான் சொன்னது என்னவென்றே உறைத்தது. ஐயோ, எலி தின்றுவிட்டது என்று சொல்லியிருக்கலாமே! மழையில் நனைந்து முளைத்துவிட்டது என்று சொல்லியிருக்கலாமே! சொன்னதுதான் சொன்னான், குழந்தைகூட நம்பாத பொய்யையா சொல்ல வேண்டும்? சாணி கரைத்துக்கொண்டிருந்த சசிகலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்கு அவள் களியைத் தட்டில் போட்ட சத்தமே சரியில்லை. குழம்பு கேட்டதற்கு, சட்டியில் இருக்கிறது, ஊற்றிக்கொள் என்று சொல்லிவிட்டு மாட்டைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் அந்த மனுஷன் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஊர் முழுக்கத் தெரிந்திருக்கும் என்று அவனாகவே முடிவு கட்டிக்கொண்டான். மங்கம்மாள் வீட்டு வழியாகப் போனால் கொல்லைக்குக் கூப்பிடு தூரம். அவன் ஓடையில் இறங்கி, பாறையில் தொற்றி, சுற்றிக்கொண்டு போனான். ரேஷன் கடை வரிசையில் ஒருநாள் யாரோ எதற்கோ "வண்டு" என்றார்கள். காது சிவந்துபோய், சர்க்கரை வாங்காமலே திரும்பி வந்தான். ஊரில் பெரிய தலையான சடையன், மாரியம்மன் கூழ் ஊற்றியபோது, "கண்ணாயிரம், மொத சொம்பு நீ வாங்குடா" என்று ஆளனுப்பிக் கூப்பிட்டார். அதுவரைக்கும் அவனை அப்படி யாரும் முன்னால் கூப்பிட்டதில்லை. நக்கல் பண்ணுகிறார்கள் என்றே நினைத்தான். வாங்கிய கூழைக் குடிக்க முடியாமல் வேப்பமரத்து வேரில் ஊற்றிவிட்டு வந்தான்.

மங்கம்மாள் கொல்லையில் எப்படியோ சாமை பச்சென்று வந்திருந்தது. அம்மா வீட்டிலிருந்து வாங்கி வந்திருப்பாள் என்று அவனே சொல்லிக்கொண்டான். அவன் ஆசைப்பட்ட அரை ஏக்கரைக் கதிர் வந்த வாரத்தில் காட்டுப்பன்றி உழுதுவிட்டுப் போனது.

இந்த வருஷம் அதே ஆனி. காற்றென்றால் காற்று, ஆளைத் தள்ளுகிற காற்று. சசிகலா காலையில் அடுப்புச் சாம்பலை வாரிக் குப்பைமேட்டில் கொட்டிவிட்டுப் புருஷனோடு உழவுக்குப் போயிருந்தாள். சாம்பலுக்குள் ஒரு தணல் கண் மூடாமல் கிடந்திருக்கிறது. உச்சிப் பொழுதுக்குக் கூச்சல் கேட்டு இரண்டு பேரும் ஓடி வந்தபோது கூரை பாதி இறங்கிவிட்டது. ஊரே குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தது. பச்சைத் தழையை ஒடித்துக்கொண்டு வந்து அடித்தார்கள். சுவர் மிஞ்சியது. கூரையும் உள்ளே இருந்த துணிமணியும் பாத்திரமும் போயின. தொம்பை மூங்கிலாயிற்றே, திரி மாதிரி பற்றிக்கொண்டு நின்று எரிந்தது. உள்ளே இருந்த சாமையும் கேழ்வரகும் இரண்டு நாள் கனன்றுகொண்டிருந்தன. ஊரெல்லாம் பொரி வறுத்த வாசனை. சசிகலா அந்த வாசனையில் முக்காடு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கையால் கொட்டிய சாம்பல் அல்லவா, அவளால் யார் முகத்தையும் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

மறுநாள் விடிவதற்குள் ஆள் வந்துவிட்டது. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஆண்கள் மூங்கில் வெட்டப் போனார்கள். பக்கத்து வீட்டு வெற்றிச்செல்வன், போன தையில் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் வந்தவன், மாட்டுக் கொட்டகைக்கென்று வாங்கி வைத்திருந்த தகர ஷீட் ஆறையும் தலையில் வைத்துக்கொண்டு வந்து இறக்கினான். பெண்கள் வீட்டுக்கு ஒரு சட்டியாகக் குழம்பு கொண்டுவந்தார்கள். ஒருத்தி தன் கல்யாணப் புடவையை மடித்துச் சசிகலா மடியில் வைத்துவிட்டுப் போனாள். கண்ணாயிரம் மரம் பிடிக்கப் போனால், நீ உட்கார், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று தள்ளிவிட்டார்கள். உட்கார்ந்திருக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவனுக்கு முள்ளாய்க் குத்தியது. திட்டினால்கூடத் தேவலை என்றிருந்தது. இவர்களுக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் செய்கிறார்கள், நம்மைக் கூசவைப்பதற்கே செய்கிறார்கள் என்று ஒருசமயம் கோபம்கூட வந்தது. பாருங்கள், புத்தி போகிற போக்கை.

மூன்றாம் நாள் மழை இறங்கியது. நல்ல உழவு மழை. நாலு நாளைக்குள் விதைத்தாக வேண்டும். மழை விட்ட சாயங்காலம் வீட்டுக்கு ஒருத்தராக முறத்தில் சாமையோடு வந்தார்கள். சாக்கை விரித்துக் கொட்டினார்கள். எல்லாம் பெருஞ்சாமை, ஒரே நிறம், எது யார் வீட்டு விதை என்று கொட்டிய பிறகு பிரித்துச் சொல்ல முடியாது. கடைசியில் மங்கம்மாளும் முறத்தோடு வந்தாள். அவளைக் கண்டதும் கண்ணாயிரம் எழுந்து உள்ளே போகப் பார்த்தான். சடையன் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"எதுக்குடா கூசற? போன வருசம் இந்த மங்கம்மா வெறும் மொறத்தோட வந்து நின்னப்ப, ஒன் தொம்பையில இருந்ததே கொஞ்சம். அதுல பாதிய வழிச்சிப் போட்டவன் நீ. குடுத்தவன் மூஞ்சிக்கி நேரா அதப் பேசக்கூடாதுன்னு இத்தினி நாளா வாயத் தொறக்கல. இன்னிக்கி சொல்லாம என்னிக்கி சொல்றது?"

கண்ணாயிரத்துக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. சுற்றி நின்றவர்கள் எல்லாரும் தலையாட்டினார்கள். ஒரு முகத்திலும் நக்கல் இல்லை. மங்கம்மாள் குனிந்து முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்தச் சாமையில் ஒரு கல்லும் கிடையாது.

"அது வந்து மாமா... அப்டி இல்ல..." என்று இழுத்தான்.

சடையன் சிரித்தார். குடுத்ததைச் சொன்னால் இவனுக்கு வெட்கத்தைப் பார் என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள். மங்கம்மாள் முறத்தைச் சாக்கில் கவிழ்த்தாள். மற்றவர்கள் போட்டதைவிட இரண்டு மடங்கு இருந்தது. தட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அப்படியானால் கூழுக்குக் கூப்பிட்டது நக்கல் இல்லை. ரேஷன் கடையில் யாரும் அவனைச் சொல்லவில்லை. ஒரு வருஷமாக ஊர் அவனை மெச்சிக்கொண்டிருந்திருக்கிறது, அவன் ஓடையில் ஒளிந்து போய்க்கொண்டிருந்திருக்கிறான். தூற்றியிருந்தால் தாங்கியிருப்பான். இதைத் தாங்க முடியவில்லை.

பொழுது இறங்கும் நேரத்துக்குச் சசிகலா இரவல் தட்டில் சோறு போட்டு வைத்தாள். தான் சாப்பிடவில்லை.

"அவங்க போட்ட சோறு எனக்கு எறங்கல. நீ போயி அந்த அம்மா கிட்ட பேசு. நீ போவலன்னா நான் போவேன்."

விடிந்ததும் போனான், ஓடை வழியாக அல்ல, தெரு வழியாகவே. மங்கம்மாள் கொல்லைப்புறத்து அடுப்பில் பலாக்கொட்டைக் குழம்பு கொதிக்கவிட்டு, கரண்டியால் கிண்டிக்கொண்டிருந்தாள். ஒரு வருஷத்தில் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அவனைப் பார்த்து ஆச்சரியப்படவில்லை. குந்து என்றாள். அவன் நின்றான்.

"எதுக்கு அண்ணி அப்டி சொன்னீங்க?"

"எப்டி?"

"நான் வெத குடுத்தேன்னு."

அவள் கரண்டியைத் தட்டி வைத்தாள். அன்றைக்கு முறத்தை மூடிக்கொண்டு வீட்டுக்கு வந்ததைச் சொன்னாள். எதிரில் இரண்டு பேர் வந்தார்களாம்; முறத்தில் என்ன இருக்கிறது என்று அவர்கள் பார்த்துவிடக் கூடாதே என்று சுவரோரமாக ஒதுங்கி நின்றாளாம். பொய் சொன்னது நீ, திருடி மாதிரி ஒளிந்தது நான் என்றாள். மறுநாள் பஸ் பிடித்து அம்மா வீட்டுக்குப் போய், தம்பி பெண்டாட்டியிடம் பேச்சு வாங்கிக்கொண்டு விதை வாங்கி வந்தாள். விதைக்கிற அன்றைக்கு ஊரில் கேட்டார்கள், விதை யார் கொடுத்தது என்று.

"ஒன் பேரச் சொல்லிட்டேன்."

"என்னக் காப்பாத்தவா அண்ணி?"

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் ஈரமே இல்லை.

"ஒன்னயா? ஒன்ன நான் எதுக்குக் காப்பாத்தணும்? ஒம்மேல இருந்த எரிச்சல் அடங்கவே எனக்கு ஆறு மாசம் ஆச்சு. கருமாதி சோத்த துன்னுட்டு, வண்டு விழுந்துச்சுன்னு சொன்னவன் நீ." குழம்பை ஒருதரம் கிண்டினாள். "கண்ணாயிரம் இல்லன்னு அனுப்பிட்டான், ஊரு அவன ஒண்ணியும் பண்ணலன்னு தெரிஞ்சிச்சின்னு வெய்யி. இல்லன்னும் சொல்லலாம் போலன்னு நாலு பேருக்குத் தோணும். அடுத்த வருசம் ஒருத்தன் சொல்லுவான். அதுக்கும் அடுத்த வருசம் பத்து பேரு. அப்பால என்ன மாரி ஒண்டிக்கட்ட மொறத்தத் தூக்கிக்கினு எந்த வாசல்ல போயி நிப்பா?"

கண்ணாயிரம் சுவரைப் பிடித்துக்கொண்டான். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"ஊரக் கூட்டி உண்மைய சொல்லிடுறேன் அண்ணி. இன்னிக்கே சொல்லிடுறேன். சொல்லிட்டாதான் எனக்கு..."

"சொல்லிட்டா ஒனக்கு லேசாயிடும். அதுதான? ஒரு நாளு அழுவ, சடையன் நாலு வார்த்த திட்டுவாரு, முடிஞ்சிது. நீ தூங்கிடுவ. நான் கட்டிக் காத்தது போயிடும். வேணாம். நீயே சொமந்துக்கினு இரு."

அவ்வளவுதான். துணியைச் சுருட்டிப் பிடித்துக் குழம்புச் சட்டியை இறக்கி அவன் கையில் கொடுத்தாள். சசிகலாவிடம் கொடு, உப்பு கம்மியாக இருக்கும், போட்டுக்கொள்ளச் சொல் என்றாள். சூடு துணியைத் தாண்டிக் கையில் ஏறியது. அவன் மாற்றிப் பிடிக்காமல் தெரு முழுக்க நடந்தான். எதிரே வந்தவர்கள், என்ன கண்ணாயிரம், மங்கம்மா குழம்பா, கமகமங்குதே என்று கேட்டார்கள். ஆமாம் என்றான்.

விதைப்பு அன்றைக்கு அவன் கொல்லையில் ஏழு ஏர் இறங்கியது. ஒருத்தருக்கும் அவரவர் கொல்லையில் வேலை முடியவில்லை, இருந்தும் வந்தார்கள். பெண்கள் சாமையை ஓடை மணலோடு கலந்து கூடையில் வைத்துக்கொண்டு, முன்னால் விசிறிக்கொண்டே போனார்கள். பொடி விதை, மணல் சேராமல் விசிறினால் ஒரே இடத்தில் கொட்டிவிடும். மங்கம்மாள் கை அதில் தேர்ந்த கை. அவள் விசிறிய இடத்தில் கண்ணாயிரமும் பக்கத்து ஏரில் வெற்றிச்செல்வனும் மேலாக உழுது மூடிக்கொண்டு வந்தார்கள். மண் ஈரமாகப் புரண்டது. மைனாக்கள் ஏர்க்கொழுவுக்குப் பின்னாலேயே குதித்துக்கொண்டு வந்தன. பத்து மணிக்குக் களியும் பலாக்கொட்டைக் குழம்பும் வந்தன. வரப்பில் உட்கார்ந்து தின்றார்கள். பன்றிக்கு வேலி போட வேண்டும், இந்த வருஷம் புளி விலை இறங்கிவிட்டது, பூவிழி எப்போது படிப்பு முடித்து வந்து ஊருக்கு ஊசி போடுவாள் என்று பேச்சு எங்கெங்கோ போயிற்று. ஊசி போடுவதென்றால் முதல் ஊசி சடையனுக்குத்தான் என்று யாரோ கேலி செய்தார்கள். கண்ணாயிரம் எல்லாவற்றுக்கும் ம் கொட்டினான்.

மறுபடியும் ஏர் பூட்டியபோது வெற்றிச்செல்வன் மாட்டை நெருக்கி ஓட்டிக்கொண்டு பக்கத்தில் வந்தான். இரண்டு சால் உழுது முடித்தான். பிறகு மெதுவாக ஆரம்பித்தான்.

"மாமா, ஒண்ணு சொன்னா தப்பா நெனைக்காதீங்க. இது நான் தனியா வந்து போடுற மொத வெள்ளாம. எங்க அப்பாரு அளந்து குடுத்த வெத, சரியா என் கொல்லிக்கிதான் ஆவும். ஒங்களுக்குக் குடுக்க வேணாம், இல்லன்னு சொல்லிடலாம்னுதான் நானும் என் வூட்டுக்காரி வெண்ணிலாவும் பேசிக்கினு இருந்தோம். அப்பால அவதான் சொன்னா. கண்ணாயிரம் மாமா தன் தொம்பையில பாதிய வழிச்சிக் குடுத்தவரு, அவருக்கா இல்லன்னு சொல்றதுன்னு. அப்டியே வெக்கமாப் போச்சு எனக்கு. ரெண்டு படி போட்டுக்கினு வந்தேன்."

கண்ணாயிரம் ஏரின் மேழியை அழுத்தி மாட்டை ஓட்டினான். வெற்றிச்செல்வன் விடவில்லை. சின்ன வயசுக்காரன், தெரிந்துகொள்ள வேண்டும் என்று உண்மையாகவே கேட்டான்.

"அன்னிக்கி குடுக்கறப்ப ஒங்களுக்குக் கஷ்டமா இல்லியா மாமா?"

நாலு முழம் முன்னால் விசிறிக்கொண்டு போன மங்கம்மாளின் கை கூடைக்குள் போனது போனபடி நின்றது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள். மாடுகளும் நின்றுவிட்டன. கண்ணாயிரத்துக்கு நெஞ்சு முழுக்க உண்மை முட்டிக்கொண்டு நின்றது. ஒரு வார்த்தை போதும், கொட்டிவிடலாம், அழுது தீர்த்துவிடலாம். தன்னை நம்பி இரண்டு படியை இழந்தவனின் முகத்தைப் பார்த்தான்.

"இல்லடா," என்றான். "குடுத்தப்ப ஒண்ணியும் தோணல."

வெற்றிச்செல்வன் தலையாட்டினான். அவன் முகம் தெளிந்துவிட்டது. மங்கம்மாள் கூடைக்குள்ளிருந்து கையை எடுத்து விசிறிவிட்டு அடுத்த அடி வைத்தாள். கண்ணாயிரத்துக்கு வெட்கத்தில் காதுமடல் இரண்டும் சுட்டன. மாட்டை அதட்டி, அவள் விசிறிய விதையை மூடிக்கொண்டு பின்னால் போனான்.